இடம் மாறி ஒட்டிய வரி

பாடநூல் அலுவலகத்தின் மூன்றாவது மாடியில் அவரை எல்லோரும் குறிப்பு சார் என்றுதான் கூப்பிடுவார்கள். பெற்றோர் வைத்த பெயர் சம்பளப் பட்டியலில் மட்டும் பத்திரமாக இருந்தது. பள்ளிப் புத்தகத்தில் ஒவ்வொரு பாடத்தின் தலைப்பிலும் ஒரு கட்டம் போட்டு ஆறு வரி இருக்குமே, இன்னார் இன்ன வருடம் பிறந்தார், இன்ன வேலை பார்த்தார், இன்னின்ன நூல்களை எழுதினார், இன்ன வருடம் மறைந்தார் என்று, அதை எழுதுவதுதான் இருபத்து நான்கு வருடமாக அவருக்கு வேலை. எழுத்தாளர்கள், சிந்தனையாளர்கள், ஊருக்கு உழைத்தவர்கள் என்று முந்நூறு பேருக்கு மேல் ஆறு ஆறு வரிக்குள் அடைத்திருக்கிறார். தொண்ணூறு வயது வரை இருந்து நாற்பது புத்தகம் எழுதிவிட்டுப் போனவர்கள் மேல் அவருக்குக் கொஞ்சம் கோபமே உண்டு. கொஞ்சம் அடக்கமாக வாழ்ந்திருக்கக் கூடாதா என்று பக்கத்து மேஜை ஓவியரிடம் அலுத்துக்கொள்வார்.

ஓய்வு பெற இரண்டு வருடம் இருந்தபோது அந்தக் கடிதம் வந்தது. கோடு போட்ட தாளில், கொட்டை எழுத்தில், நான்கே வாக்கியம்.

"ஒன்பதாம் வகுப்புப் புத்தகத்தில் மூன்றாவது பாடம் எழுதியவர் என் பெரியம்மா. அவர் பதினோரு வருடம் தொழுநோய் மருத்துவமனையில் செவிலியாக இருந்தார், அது அவர் குறிப்பில் இல்லை. நான்காவது பாடம் எழுதிய அம்மையாரின் குறிப்பில் இருக்கிறது. பெரியம்மா அந்தப் பதினோரு வருடம் எங்கே இருந்தார் என்று என் மகள் கேட்கிறாள்."

கீழே கையெழுத்து, அதன் கீழே 'பேருந்து ஓட்டுநர்' என்று பணிமனை முகவரி.

இப்படிக் கடிதங்கள் வருவது புதிதில்லை. எங்கள் தாத்தாவுக்கு இன்னொரு விருதும் கிடைத்தது, எங்கள் மாமா அந்தக் கட்சியில் இருந்ததை எடுத்துவிடுங்கள் என்று வந்துகொண்டே இருக்கும். குறிப்பு சார் ஒரு பெருமூச்சு விட்டுப் புத்தகத்தை எடுத்துப் பார்த்தார். மூன்றாவது பாடத்தின் குறிப்பு, பிறந்தார் என்பதிலிருந்து இரண்டு சிறு நூல்களை எழுதினார் என்பதற்கு ஒரே தாவலாகத் தாவியது. ஆறு வரிக்குப் பதில் ஐந்து வரிதான். குறை தெரியாதபடி அச்சுக்காரர்கள் வரிகளைக் கொஞ்சம் தள்ளித் தள்ளிப் போட்டிருந்தார்கள். நான்காவதில் ஆறு வரியும் நிறைவாக இருந்தன.

அலமாரியின் அடித்தட்டிலிருந்து பழைய அட்டைகளைத் தூசி தட்டி எடுத்தார். பதினெட்டு வருடத்துக்கு முன்னால் கணினி எல்லாம் கிடையாது. தட்டச்சு செய்த வரிகளைக் கத்தரித்து, பசை தடவி, அட்டையில் ஒட்டி அச்சகத்துக்கு அனுப்புவார்கள். நான்காவது பாடத்தின் அட்டையில் அந்த ஒரு வரி மட்டும் லேசாகச் சாய்ந்து ஒட்டியிருந்தது. 'தொழுநோய் மருத்துவமனையில் பதினோர் ஆண்டுகள் செவிலியராகப் பணியாற்றினார்.' ஓரத்தில் பசை பட்ட கட்டைவிரல் ரேகை. அவருடைய விரல்தான்.

அன்றைய நாளும் ஞாபகம் வந்தது. மகளுக்கு அம்மை வார்த்திருந்தது. அச்சக வண்டி கீழே ஒலி எழுப்பிக்கொண்டே நின்றது. ஒரே மணி நேரத்தில் பதினாறு அட்டை ஒட்டினார்.

நான்காவது பாடம் எழுதிய அம்மையாரை ஊருக்கெல்லாம் தெரியும். கட்டுரை எழுதுவதில் கெட்டிக்காரி. சரக்கு லாரிகளை நிறுத்தி எடை பார்க்கும் எடைமேடையில் வாழ்நாள் முழுக்க எழுத்தராக இருந்தவர். லாரியோடு தன்னையும் சேர்த்து எடைபோடச் சொல்லி தினமும் அடம்பிடிக்கும் ஓட்டுநரைப் பற்றி அவர் எழுதியதுதான் பாடத்தில் இருந்தது. ஆனால் எடைமேடை என்ற சொல்லே குறிப்பில் இல்லை. செவிலியர் வரி வந்து உட்கார்ந்ததும் இடம் போதாமல் எடைமேடை வரி அச்சகத்திலேயே வெட்டுப்பட்டிருக்க வேண்டும். அதற்குப் பிறகு நடந்தவற்றைக் குறிப்பு சார் அன்றைக்கு மதியம் நூலகத்தில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் படித்தார். தேர்வுக் கையேடுகள் அந்த ஓட்டுநரை மருத்துவமனை நோயாளி என்று விளக்கின. ஒரு பேராசிரியர், செவிலியரின் கருணை வரிக்கு வரி கசிகிறது என்று இருநூறு பக்கம் ஆய்வே செய்திருந்தார். போதாக்குறைக்கு நகரசபை ஒரு செவிலியர் பயிற்சிப் பள்ளிக்குக் கட்டுரை அம்மையாரின் பெயரை வைத்திருந்தது. எல்லாவற்றிலும் அடிக்குறிப்பைத் தேடிப் போனால் கடைசியில் வந்து நிற்கும் இடம் ஒன்பதாம் வகுப்புப் பாடநூல்.

வீட்டில் மனைவியிடம் சொன்னார். அவர் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்ப்பவர். ஒரு நாளைக்கு நூறு குப்பிகளில் பெயர்ச்சீட்டு ஒட்டுகிறவர். பசை, சீட்டு என்றதுமே அவருக்குப் புரிந்துவிட்டது.

"எங்க இடத்துல இப்படி மாத்தி ஒட்டினா அன்னைக்கே வீட்டுக்கு அனுப்பிடுவாங்க," என்றார். "உங்களுக்குப் பதினெட்டு வருஷம் சம்பளம் குடுத்திருக்காங்க."

ஆறுதலாக ஏதாவது சொல்வார் என்று எதிர்பார்த்தவருக்குச் சப்பென்று ஆகிவிட்டது. ஆனாலும் மறுநாள் காலை முதல் வேலையாக இயக்குநரின் அறைக்குப் போய் நின்றார்.

இயக்குநர் அம்மா நல்லவர்தான். ஆனால் எந்தத் தாளிலும் கையெழுத்துப் போடுவதற்கு முன் மூன்று முறை மூடிப் பார்த்துத் திறக்கும் பேனா அவருடையது. முழுக்கக் கேட்டுவிட்டு ஆதாரம் என்ன என்றார். குறிப்பு சார் தானே ஆதாரம் என்றார். தவறு செய்தவனே ஒப்புக்கொள்ளும்போது வேறென்ன வேண்டும்?

"எல்லாப் புத்தகத்துலயும் அவங்க நர்ஸுன்னுதானே இருக்கு?"

"அது எல்லாமே நம்ம புத்தகத்தைப் பார்த்து எழுதினது மேடம்."

"நாம எதைப் பார்த்து எழுதினோம்?"

அவரவர் வீட்டிலிருந்து கைப்பட நிரப்பி அனுப்பிய படிவங்கள் இருந்தன என்றும், கோப்பறையைக் காலி செய்தபோது அவற்றைப் பழைய தாளோடு எடைக்குப் போட்டுவிட்டார்கள் என்றும் குறிப்பு சார் சொன்னார். இயக்குநர் விதிப்புத்தகத்தைப் புரட்டினார். அச்சான குறிப்பில் திருத்தம் செய்ய, வேறு வெளியீடுகளில் அச்சான இரண்டு சான்றுகள் வேண்டும் என்று அதில் இருந்தது. குறிப்பு சார் அதைப் பார்க்க வேண்டிய அவசியமே இல்லை. அந்த விதியை எழுதியவரே அவர்தான். ஒரு கவிஞரின் மகள் வருடத்துக்கு ஒரு முறை வந்து அப்பாவின் பிறந்த வருடத்தை மாற்றச் சொல்லித் தொல்லை கொடுத்தபோது, அவர் வாயை அடைக்க இவர் யோசித்துப் போட்ட பூட்டு அது. இப்போது சாவி இவரிடமே இல்லை.

அதிலிருந்து நடையாய் நடந்தார். பழைய தொழுநோய் மருத்துவமனை இப்போது தோல் சிகிச்சை மையமாகிவிட்டது. அங்கிருந்த பதிவறை எழுத்தர், முப்பது வருடத்துக்கு முந்தைய ஊழியர் பதிவேடுகள் நிலத்தடி அறையில் தண்ணீர் புகுந்தபோது கூழாகிவிட்டன என்றார். ஏதாவது ஒரு பக்கமாவது என்று கேட்டதற்கு, வேண்டுமானால் கூழைப் பார்க்கலாம், இன்னும் அள்ளவில்லை என்று சாவகாசமாகப் பதில் சொன்னார்.

அடுத்து கட்டுரை அம்மையாரின் மகனைப் பார்க்கப் போனார். மருந்துக்கடை வைத்திருக்கும் அறுபது வயதுக்காரர். வாசல் அறையில் அம்மாவின் பெரிய ஓவியம் மாட்டியிருந்தது. தலையில் செவிலியர் அணியும் வெள்ளைத் தொப்பி. எடைமேடையில் உட்கார்ந்திருந்த பெண்ணுக்கு எவனோ ஒரு ஓவியன் கூசாமல் தொப்பி மாட்டிவிட்டிருந்தான். குறிப்பு சாருக்கு அந்தத் தொப்பியிலிருந்து கண்ணை எடுக்க முடியவில்லை. மென்று விழுங்கி விஷயத்தைச் சொல்லி முடித்தார்.

மகன் அதிர்ச்சியடைவார், கோபப்படுவார் என்று நினைத்திருந்தார். அவரோ நாற்காலியை இன்னும் கொஞ்சம் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"எனக்கு முதல் வருஷமே தெரியும் சார். எங்கம்மா எங்க வேலை பார்த்தாங்கன்னு எனக்குத் தெரியாதா?"

"அப்புறம் ஏன் சொல்லல?"

"எதுக்குச் சொல்லணும்? அம்மா போய் ரெண்டு வருஷம் ஆகியிருந்துது. ஒரு நாய் எட்டிப் பார்க்கல. உங்க புத்தகம் வந்ததுக்கு அப்புறம்தான் ஸ்கூல்ல கூப்பிட்டாங்க, மேடையில உட்கார வெச்சாங்க. லாரி எடை போட்டவங்கன்னு சொன்னா ஒரு பள்ளிக்கூடத்துக்குப் பேர் வெச்சிருப்பாங்களா, நீங்களே சொல்லுங்க."

அந்த வரி இன்னொரு பெண்மணியின் வாழ்க்கை என்று குறிப்பு சார் எடுத்துச் சொன்னார். பாவம்தான், அவங்களுக்கும் வேறு ஏதாவது போட்டுக் குடுங்களேன் என்றார் மகன், கடையில் ஒரு மருந்து இல்லையென்றால் அதே மாதிரி இன்னொன்றை எடுத்துக் கொடுக்கும் தோரணையில். அதற்கு மேல் சுவரில் முட்டிக்கொள்வதில் பயனில்லை என்று குறிப்பு சார் எழுந்து வந்துவிட்டார்.

கடைசியாகத்தான் அவருக்குப் பேருந்துப் பணிமனைக்குப் போகத் துணிவு வந்தது. ஓட்டுநர் ஐம்பது வயதுப் பெண்மணி. இரண்டு நடைகளுக்கு நடுவே கிடைத்த இருபது நிமிடத்தில், ஓய்வறை பெஞ்சில் சாப்பாட்டு டப்பாவைத் திறந்து வைத்திருந்தார். நான்தான் அதை மாற்றி ஒட்டியவன் என்று குறிப்பு சார் நின்றபடியே சொன்னார். மகளுக்கு அம்மை என்பதையும் அச்சக வண்டியையும் சொல்லலாமா என்று நினைத்து, சொல்லாமல் விட்டார்.

ஓட்டுநர் டப்பா மூடியைக் கையில் திருப்பிக்கொண்டே சொன்னார்.

"அந்தப் பதினோரு வருஷமும் பெரியம்மா வீட்டுக்குள்ள வந்ததில்ல சார். வாசல்ல நின்னு பேசிட்டுப் போவாங்க. அவங்க கையால ஒரு டம்ளர் தண்ணி வாங்கிக் குடிக்க எங்கம்மாவுக்கே மனசு வரல, சொந்தத் தங்கச்சி. நான் சின்னப் பொண்ணு, ஓடிப் போய்த் தொட்டா அடி விழும். புத்தகத்துல அவங்க பாடம் வருதுன்னதும் எங்கம்மா அழுதாங்க. இனிமே ஊருக்கே தெரியும்னு சொன்னாங்க. அப்புறம் புத்தகம் வந்துது."

ஓட்டுநர் மன்னித்தேன் என்றோ மன்னிக்கவில்லை என்றோ சொல்லவில்லை. இதை எப்படிச் சரிசெய்யப் போகிறீர்கள் என்றுதான் கேட்டார். பெரியம்மா வேலையில் மார்பில் குத்திய பெயர் வில்லை இருக்கிறது, தலைமை மருத்துவர் கையால் எழுதிக் கொடுத்த நற்சான்று இருக்கிறது என்றார். கையால் எழுதியது செல்லாது, அச்சானது வேண்டும் என்று சொல்லும்போது குறிப்பு சாருக்குத் தன் நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது. தப்பாக அச்சடித்தால் பதினெட்டு வருடம் செல்லும், சரியாகக் கையால் எழுதினால் செல்லாதா என்று ஓட்டுநர் கேட்டார். கேட்டுவிட்டு மணியைப் பார்த்து டப்பாவை மூடினார். பாதிச் சாப்பாடு அப்படியே இருந்தது.

ஆனால் அந்தக் கேள்வியிலிருந்துதான் வழியும் பிறந்தது. அச்சாக வேண்டும், அவ்வளவுதானே? போக்குவரத்து ஊழியர் சங்கம் மாதம் ஒரு பத்திரிகை நடத்தியது. பதவி உயர்வு, பணிநேரம், ஓய்வுபெற்றவர்கள் படம் என்று எட்டுப் பக்கம். ஓட்டுநர் தன் பெரியம்மாவைப் பற்றி அதில் ஒரு பக்கம் எழுதினார். நற்சான்றின் படமும் போட்டார்கள். குறிப்பு சார் தன் பங்குக்கு ஒரு வார இதழின் வாசகர் பகுதிக்கு, இது என் கைப்பிழை என்று பெயர் போட்டு எழுதினார். அதுவும் வெளியானது. இரண்டையும் எடுத்துக்கொண்டு நிமிர்ந்து நடந்து இயக்குநர் அறைக்குப் போனார்.

போன வேகத்தில் திரும்பினார். அனுமதியில்லாமல் பத்திரிகைக்கு எழுதியதற்காக விளக்கம் கேட்டு ஒரு தாள் கையில் கிடைத்தது. அவர் எழுதியதை அவருக்கே சான்றாக எடுத்துக்கொள்ள முடியாது என்றும் சொல்லிவிட்டார்கள். சங்கப் பத்திரிகையை மட்டும், யார் அச்சடித்திருக்க வேண்டும் என்று விதியில் இல்லாததால், முகத்தைச் சுளித்தபடி ஒரு சான்றாக ஏற்றார்கள். ஒன்றுதான் ஆச்சு, இன்னொன்று எங்கே?

அந்த வருட மறுபதிப்பில் இயக்குநர் தன் புத்திப்படி ஒரு முடிவெடுத்தார். சர்ச்சையான வரி எங்கேயும் வேண்டாம். கட்டுரை அம்மையாரின் குறிப்பிலிருந்து அதை எடுத்துவிட்டார்கள். செவிலியம்மாவின் குறிப்பில் சேர்க்கவில்லை. புதுப் புத்தகத்தைப் பிரித்துப் பார்த்த குறிப்பு சாருக்குத் தலையைப் பிய்த்துக்கொள்ளத் தோன்றியது. இரண்டு பெண்களும் பிறந்தார்கள், எழுதினார்கள், செத்தார்கள். நடுவில் சோற்றுக்கு என்ன செய்தார்கள் என்று ஒரு பிள்ளைக்கும் தெரியாது. மனைவி மட்டும் புத்தகத்தை வாங்கிப் பார்த்துவிட்டு, தப்பான சீட்டைக் கிழித்தாச்சு, அதுவே பாதி வேலை என்றார். பாதி வேலை என்பது அவருக்கு எரிச்சலைத்தான் கிளப்பியது.

பள்ளிகள் திறந்து மூன்றாவது வாரம், மருந்துக்கடைக்காரர் புத்தகத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு மூன்று மாடி ஏறி வந்துவிட்டார். மூச்சு வாங்கியது. முகம் சிவந்திருந்தது.

"எங்கம்மா ஒண்ணுமே செய்யலையா சார்? சும்மா வீட்டுல உட்கார்ந்து எழுதினாங்களா? எண்பது வருஷ வாழ்க்கை, அஞ்சு வரி. படிக்கிறவன் என்ன நினைப்பான்?"

பழைய வரியைத் திருப்பிப் போடச் சொன்னார். அது நடக்காது என்றார் குறிப்பு சார். அப்படியானால் வேறு ஏதாவது போடுங்கள் என்று மேஜையைத் தட்டினார். வருடம் முழுக்க அலைந்த எரிச்சல் அத்தனையும் குறிப்பு சாரின் தொண்டைக்கு வந்தது. ஆனால் சத்தம் போடவில்லை. எதிரே நாற்காலியைக் காட்டி உட்காரச் சொன்னார்.

"உங்கம்மா முப்பத்தி நாலு வருஷம் எடைமேடையில இருந்தாங்க. ஒரு லாரிக்காரனும் அவங்களை ஏமாத்தினதில்லன்னு அவங்களே எழுதியிருக்காங்க. அதைப் போட எனக்கு ஆசை. ஆனா நீங்க முதல்ல அச்சடிக்கணும். அந்த நர்ஸ் வரி எங்கம்மாவோடது இல்ல, இன்னாரோடதுன்னு அதுலயே எழுதணும்."

அவர் புத்தகத்தை எடுத்துக்கொண்டு படியிறங்கிப் போனார். நான்கு மாதம் ஒரு தகவலும் இல்லை. குறிப்பு சார் அந்தப் பக்கத்து நம்பிக்கையைத் தலைமுழுகிவிட்டார். மருத்துவக் கல்லூரி நூலகத்தில் பழைய ஆண்டறிக்கைகளைத் தேடத் தொடங்கி, தும்மித் தும்மி மூக்கு வீங்கியதுதான் மிச்சம்.

பிறகு ஒரு நாள் தபாலில் ஒரு சிறு நினைவு மலர் வந்தது. கட்டுரை அம்மையாரின் நூற்றாண்டுக்கு மகன் வெளியிட்டது. முகப்பில் தொப்பி இல்லாத பழைய புகைப்படம், பின்னால் லாரி நிற்கும் எடைமேடை. உள்ளே அவருடைய நியமன ஆணையின் நகல். கடைசிப் பக்கத்தின் அடியில், பொடி எழுத்தில், வேண்டாவெறுப்பாக எழுதியது பளிச்சென்று தெரியும்படி இரண்டே வாக்கியம்: அம்மா செவிலியாக இருந்ததில்லை, அந்தப் பணி மூன்றாவது பாடத்தின் ஆசிரியருக்கு உரியது. வெறுமையாக இருப்பதைவிட எடைமேடையே மேல் என்று அவருக்குப் பட்டிருக்க வேண்டும். காரணம் எதுவாக இருந்தால் என்ன, அச்சில் இருந்தது.

இயக்குநர் பேனாவை மூன்று முறை மூடித் திறந்து கையெழுத்திட்டார். செவிலியர் பள்ளியின் பெயரைப் பற்றி நகரசபைக்கு எழுதிய கடிதத்துக்கு மட்டும், பெயர்ப்பலகை ஏற்கெனவே வைத்தாகிவிட்டது என்று ஒரு வரிப் பதில் வந்தது.

குறிப்பு சார் ஓய்வு பெற ஐந்து வாரம் இருந்தபோது ஒன்பதாம் வகுப்புப் புத்தகம் அச்சேறியது. மெய்ப்புப் படிகளை அவரே நான்கு முறை திருத்தி அனுப்பியிருந்தார். ஆனாலும் மனம் கேட்காமல் காலையிலேயே அச்சகத்துக்குப் போனார். இயந்திரம் ஓடத் தொடங்கியிருந்தது. சூடாக வந்து விழுந்த தாளை எடுத்து மூன்றாவது பாடத்தைப் பார்த்தார். 'தொழுநோய் மருத்துவமனையில் பதினாறு ஆண்டுகள் செவிலியராகப் பணியாற்றினார்.'

இரண்டாவது முறை படித்தார். பதினாறுதான். கோப்பு திறக்கவில்லை என்று அந்தப் பக்கத்தை மட்டும் நேற்று புதிதாகத் தட்டினோம் என்றார் அச்சக மேற்பார்வையாளர். நிறுத்துங்கள் என்றார் குறிப்பு சார். எண்ணூறு தாள் ஓடிவிட்டது, அடுத்த வருடம் பார்த்துக்கொள்ளலாம் என்றார் மேற்பார்வையாளர்.

குறிப்பு சார் போய் இயந்திரத்தின் பக்கத்தில் நின்றுகொண்டார்.

"நிறுத்துங்க. அடுத்த வருஷம் நான் இருக்க மாட்டேன்."

"ஒரு எண்தானே சார். கூடத்தானே போட்டிருக்கு, குறைச்சலா போடலையே."

"அவங்க பார்க்காத அஞ்சு வருஷத்தை நான் எங்க கொண்டு போய் வைக்கிறது? நிறுத்துங்கய்யா."

மேற்பார்வையாளர் அவர் முகத்தைப் பார்த்தார். என்ன தோன்றியதோ, கையை உயர்த்தி ஆளுக்குச் சைகை காட்டினார். இயந்திரம் முனகி ஓய்ந்தது. எண்ணூறு தாளையும் ஓரமாகத் தள்ளினார்கள். திருத்திய அச்சுத் தகடு எடுத்து வர இரண்டரை மணி நேரம் ஆனது. அந்த நேரம் முழுக்கக் குறிப்பு சார் தாள் கட்டின் மேல் உட்கார்ந்திருந்தார். யாராவது நடுவில் ஓட்டிவிடுவார்களோ என்று தண்ணீர் குடிக்கக்கூட எழுந்து போகவில்லை.

புதிய தாள் வந்ததும் ஒவ்வொரு எழுத்தாக விரல் வைத்துப் படித்தார். பதினோர் என்று இருந்தது. தாளைத் திருப்பி எடைமேடை வரியையும் படித்தார். பிறகு மீண்டும் ஒரு முறை முதலிலிருந்து படிக்கத் தொடங்கினார். மேற்பார்வையாளர், ஓட்டலாமா என்று கேட்டார். இருங்கள், இன்னும் முடிக்கவில்லை என்றார் அவர்.